நிறைமாதத்தில் கால் குடைச்சல்

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பெண்ணுக்கு இரவில் படுத்ததும் கால்களுக்குள் ஒருவகைக் குடைச்சல் தொடங்குகிறது. அதை வலி என்று சொல்லிவிட முடியாது. தோல் அரிப்பும் இல்லை. வெளியே பார்த்தால் காலில் எந்த மாற்றமும் தெரியாது. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையே, எலும்பை ஒட்டிய ஆழத்தில், ஏதோ ஊர்கிறது, இழுக்கிறது, உளைகிறது என்று பெண்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். எல்லோரும் தவறாமல் சொல்வது ஒன்று: காலை ஆட்டாமல் இருக்க முடியவில்லை. ஆட்டினால் தணிகிறது, நிறுத்தினால் சற்று நேரத்தில் திரும்பி வருகிறது. எழுந்து நடந்தால் முழுதாக அடங்குகிறது. படுத்தால் மீண்டும் தொடங்குகிறது.

மருத்துவர்கள் இதை 'ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம்' என்கிறார்கள். தமிழில் அமைதியற்ற கால் நோய்க்குறி எனலாம். ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1672-இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் இதைத் தனி நோயாக வகுத்து, விரிவாக ஆராய்ந்து 1945-இல் நூலாக வெளியிட்டவர் சுவீடன் நாட்டு நரம்பியல் மருத்துவர் கார்ல்-ஆக்சல் எக்பாம். கர்ப்பிணிகளிடமும் இரும்புச்சத்துக் குறைந்தவர்களிடமும் இது கூடுதலாகக் காணப்படுவதை அவர் அப்போதே கவனித்தார். இன்றைய சிகிச்சையின் அடிப்படையும் அந்த இரும்புத் தொடர்புதான். இருந்தும், பரிசோதனைக்கு வரும் கர்ப்பிணி இதைச் சொன்னால் "மாசமா இருந்தா அப்படித்தான் இருக்கும்" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடுவது இன்னும் நடக்கிறது. அது போதுமான பதில் அல்ல.

இந்த நோயைக் கண்டறிய ஸ்கேனோ தனி ரத்தப் பரிசோதனையோ இல்லை. கேள்வி கேட்டுத்தான் அறிய வேண்டும். காலை அசைத்தே ஆக வேண்டும் என்ற உந்துதல் இருக்கிறதா, உட்கார்ந்திருக்கும்போதும் படுத்திருக்கும்போதும் அது கூடுகிறதா, அசைத்தால் குறைகிறதா, பகலைவிட மாலையிலும் இரவிலும் அதிகமா என்ற நான்கு கேள்விகளுக்கும் 'ஆம்' என்று பதில் வந்து, இதேபோல் தோன்றும் வேறு தொல்லை எதுவும் இல்லை என்று உறுதியானால், அது இந்த நோய்தான்.

வேறு தொல்லைகளைப் பிரித்துப் பார்ப்பது முக்கியம். ஏனெனில் நிறைமாதத்தில் கால்களுக்கு வரும் உபாதைகள் பல. நடு இரவில் கெண்டைக்கால் சதை திடீரெனக் கல்லாக இறுகி உயிர் போவதுபோல் வலிப்பது குரக்களி. அதில் சதை இறுகுவதைக் கையால் தொட்டு உணரலாம். பாதத்தை மேல்நோக்கி மடக்கினால் விடும். கால் குடைச்சலில் சதை இறுகுவதில்லை. நரம்பு சுருட்டிக்கொள்வதால் வரும் வலி நெடுநேரம் நின்றால் கூடும், காலை உயர்த்தி வைத்தால் குறையும்; குடைச்சலோ நேர்மாறாக ஓய்வில்தான் கூடும். இவை தொந்தரவுகள், ஆபத்துகள் அல்ல. ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, சிவந்து, தொட்டால் வலித்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். அந்தக் காலைத் தேய்க்கக் கூடாது, விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். முகமும் கைகால்களும் வீங்கி, தலைவலியோ பார்வை மங்கலோ சேர்ந்தால் ரத்த அழுத்தத்தை உடனே பார்க்க வேண்டும். உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் கடுமையாக அரித்தால் அது கல்லீரல் தொடர்பான கோளாறாக இருக்கக்கூடும்; அதற்குத் தனிப் பரிசோதனை உண்டு.

கர்ப்பத்தின் தொடக்கத்தில் கால் குடைச்சல் சிலருக்கே இருக்கும். மாதம் ஏற ஏறக் கூடி, ஏழாம் எட்டாம் மாதங்களில் உச்சத்தைத் தொடும். பிரசவத்துக்குப் பின் பெரும்பாலானவர்களுக்குச் சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் அகன்றுவிடும். தாய்க்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இருந்திருந்தாலும், முந்தைய கர்ப்பத்தில் வந்திருந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் வாய்ப்பு அதிகம்.

காலில் தெரிந்தாலும் கோளாறு மூளையில்தான். உடலின் அசைவுகளை ஒழுங்குபடுத்தும் டோபமின் என்ற வேதிப்பொருளை மூளை தயாரிக்க இரும்புச்சத்து தேவை. இந்த நோய் உள்ளவர்களின் மூளையில், டோபமின் சுரக்கும் பகுதியில், இரும்பு குறைந்திருப்பது ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. டோபமினின் செயல்பாடும் ரத்தத்தில் ஓடும் இரும்பின் அளவும் இரவில் தாழ்வதால், குடைச்சலும் அந்த நேரம் பார்த்து வருகிறது. கர்ப்பகாலம் முழுவதற்கும் சேர்த்து ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் இரும்பு கூடுதலாகத் தேவை. அதில் பெரும்பங்கு பின்பாதியில்தான் செலவாகிறது. கருவும் நஞ்சுக்கொடியும் தாயின் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. கர்ப்பகால ஹார்மோன்களின் ஏற்றம், ஃபோலிக் அமிலக் குறைவு ஆகியவற்றுக்கும் பங்கு இருக்கலாம். ஆனாலும் சரிசெய்யக்கூடிய காரணங்களில் முதலிடம் இரும்புக்கே.

இது தமிழ்நாட்டுப் பெண்களை நேரடியாகத் தொடும் செய்தி. 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, மாநிலத்தின் கர்ப்பிணிகளில் 48 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருந்தது. நாடு முழுவதற்குமான அளவு 52 சதவீதம். ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழ் இருப்பவர்களின் கணக்கு மட்டுமே இது. இதற்கு மேலே இருக்கும் பெண்ணுக்கும் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம். இன்று உலையில் சோறு வெந்துவிட்டது என்பதால் குதிரில் நெல் இருக்கிறது என்று ஆகிவிடாது. ஹீமோகுளோபின் அன்றாடப் புழக்கத்தைக் காட்டுகிறது. குதிரில் இருப்பதைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற வேறொரு ரத்தப் பரிசோதனை. வழக்கமான கர்ப்பகாலப் பரிசோதனைகளில் பெரும்பாலும் ஹீமோகுளோபின் மட்டுமே பார்க்கப்படுகிறது. ஆகவே கால் குடைச்சலால் தூக்கம் கெடும் பெண், "ரத்தம் நல்லாத்தான் இருக்கு" என்ற சொல்லோடு திரும்பிவிடாமல், ஃபெரிட்டின் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது. காய்ச்சலோ நோய்த்தொற்றோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால், அவை இல்லாத நாளில் பார்ப்பது சரி.

கர்ப்பிணிகளுக்கான கால் குடைச்சல் சிகிச்சை பற்றி, இந்நோய்க்கான பன்னாட்டு ஆய்வுக் குழு 2015-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஃபெரிட்டின் 75-க்குக் கீழ் இருந்தால் இரும்பு மாத்திரை கொடுக்க அது சொல்கிறது. வேறு நேரங்களில் 'பரவாயில்லை' எனக் கொள்ளப்படும் 30, 40 போன்ற அளவுகள்கூட இந்த நோய்க்குப் போதாது என்பது இதன் பொருள். ஃபெரிட்டின் 30-க்கும் கீழே போய், மாத்திரையும் பலன் தரவில்லை என்றால், முதல் மூன்று மாதம் கடந்தபின் நரம்பு வழியாக இரும்பு ஏற்றலாம். அது மருத்துவமனையில் கண்காணிப்போடு செய்யப்படுவது.

அரசுத் திட்டத்தில் நான்காம் மாதம் முதல் தினம் ஒன்றாக 180 நாட்களுக்கு இரும்பு மாத்திரை இலவசமாகத் தரப்படுகிறது. 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட சிவப்பு மாத்திரை அது. பல வீடுகளில் அது அலமாரியிலேயே தங்கிவிடுகிறது. மலம் கறுக்கிறது, மலச்சிக்கல் வருகிறது, குமட்டுகிறது என்பதோடு, குழந்தை கறுப்பாகப் பிறந்துவிடும் என்ற வீண் பயமும் காரணம். குழந்தையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் தொடர்பே இல்லை. மலம் கறுப்பது இயல்பு. குமட்டினால் இரவு படுக்கும் முன் போடலாம். அப்படியும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு வகை இரும்பு உண்டு, மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.

மாத்திரையைப் போடும் விதத்திலும் கவனம் வேண்டும். காபி, டீ, பால் ஆகியவற்றோடு போட்டால் இரும்பு குடலில் சரியாக ஏறாது. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்படும் கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒன்றாக விழுங்குவது அடிக்கடி நடக்கும் பிழை. இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இடைவெளி தேவை. எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா, ஆரஞ்சு ஆகியவை இரும்பு ஏற உதவும். உணவில் முருங்கைக்கீரை, பயறு வகைகள், எள், கேழ்வரகு நல்லவை. இறைச்சி, மீன் சாப்பிடுபவர்களுக்கு அவற்றிலுள்ள இரும்பு இன்னும் எளிதில் சேரும். பீட்ரூட்டும் மாதுளையும் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அவற்றில் இரும்பு குறைவுதான். ஆட்டு ஈரலில் இரும்பு ஏராளம் என்றாலும் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் கர்ப்பகாலத்தில் அதைத் தவிர்ப்பதே நல்லது.

சில மருந்துகள் இந்தக் குடைச்சலைத் தூண்டிவிடும். சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கப்படும், தூக்கம் வரவழைக்கும் ஒவ்வாமை மாத்திரைகள், வாந்திக்கான மெட்டோகுளோப்ரமைடு, மனச்சோர்வுக்கான சில மருந்துகள் இந்த வகை. தூக்கம் வரவில்லையே என்று மருந்துக்கடையில் சொல்லி வாங்கும் மாத்திரையே அன்றிரவுத் தூக்கத்தைக் கெடுக்கலாம். அதற்காக மருத்துவர் கொடுத்த மருந்தைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. அவரிடம் சொன்னால் மாற்று தருவார். சிசேரியன் ஆகும் பெண்கள் மயக்க மருந்து மருத்துவரிடம் தங்கள் கால் தொல்லையை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அந்த நேரத்தில் மெட்டோகுளோப்ரமைடு ஊசி போடும் வழக்கம் உண்டு.

இரும்பு சேர வாரங்கள் ஆகும். அதுவரை இரவுகளைக் கடக்க வேண்டும். மாலையில் அரை மணி நேர நடை பலருக்கு உதவுகிறது. ஓய்வாக இருக்கச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். படுக்கும் முன் சுவரில் கைகளை ஊன்றி, ஒரு காலைப் பின்னே வைத்துக் குதிகாலைத் தரையில் அழுத்தினால் கெண்டைக்கால் சதை நீளும். ஒவ்வொரு காலுக்கும் அரை நிமிடம், இரண்டு மூன்று முறை செய்தால் போதும். வெதுவெதுப்பான நீரில் கால்களை வைத்திருப்பது, எண்ணெய் தடவி மெல்லப் பிடித்துவிடுவது ஆகியவை சுகம் தரும். சிலருக்கு ஈரத்துணியின் குளிர்ச்சிதான் ஒத்துக்கொள்கிறது. மதியத்துக்குப் பின் காபி, டீ வேண்டாம். மனம் ஒரு வேலையில் ஆழ்ந்திருக்கும்போது குடைச்சல் அடங்குவதால், மாலையில் உட்கார்ந்தே இருக்க வேண்டிய நேரத்தில் பூத்தொடுப்பது, பின்னுவது, குறுக்கெழுத்துப் போடுவது பயன் தரும். பேருந்துப் பயணத்தில் எழுந்து நிற்க வசதியான ஓர இருக்கை நல்லது. இரவில் எழுந்து நடப்பவர்களுக்கு வழியில் வெளிச்சம் வேண்டும். நிறைவயிற்றோடு இருட்டில் தடுக்கி விழுவது குடைச்சலைவிடப் பெரிய ஆபத்து.

வீட்டாருக்கும் இதில் பங்கு உண்டு. உட்கார்ந்து காலாட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்று சொல்லி வளர்த்த வீடுகள் நம்முடையவை. இந்தப் பெண் காலாட்டுவது பழக்கத்தால் அல்ல. அடக்கச் சொல்வது அவளை வதைப்பதற்குச் சமம். இந்தக் குடைச்சல் விடியற்காலையிலும் காலைப் பொழுதிலும்தான் மிகக் குறைவாக இருக்கும். இரவெல்லாம் தவித்தவளுக்குக் கண் அசருவது அப்போதுதான். அந்த நேரத்தில் வாசல் தெளிக்கவோ அடுப்பைப் பற்றவைக்கவோ அவளை எழுப்பாமல் விட்டாலே பாதி வைத்தியம் ஆயிற்று. வயிற்றிலுள்ள குழந்தையை இந்த நோய் நேரடியாகத் தாக்குவதில்லை. ஆனால் வாரக்கணக்கில் தூங்காத தாய் சோர்ந்துபோகிறாள், மனம் உடைகிறாள், களைத்த உடலோடு பிரசவத்துக்குப் போகிறாள்.

இவை எதுவும் போதாத கடும் நிலை சிலருக்கு உண்டு. அப்போது நரம்பியல் மருத்துவரின் ஆலோசனையோடு, முதல் மூன்று மாதம் கடந்தபின், குறைந்த அளவில் சில மருந்துகள் தரப்படலாம். மற்றவர்களுக்கு இந்நோய்க்காகக் கொடுக்கப்படும் ப்ரமிபெக்சோல், ரோபினிரோல் போன்றவை கர்ப்பத்தில் பாதுகாப்பானவை என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. அவை தாய்ப்பால் சுரப்பையும் குறைக்கும். வீட்டில் வேறொருவருக்கு எழுதிக் கொடுத்ததை எடுத்துப் போட்டுக்கொள்வது மிகத் தவறு.

பிரசவத்தோடு கால்கள் அமைதியானாலும் இரும்பு மாத்திரையை நிறுத்தக் கூடாது. அரசுத் திட்டமே பிரசவத்துக்குப் பின்னும் 180 நாட்களுக்கு மாத்திரை தருகிறது. கர்ப்பகாலத்தில் இந்தக் குடைச்சல் வந்த பெண்களுக்கு அடுத்த கர்ப்பத்திலும் பிற்கால வாழ்விலும் இது திரும்பும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பது இத்தாலியில் நடந்த தொடர் ஆய்வில் தெரிந்தது. எனவே அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும்போதே ஃபெரிட்டின் பார்த்துச் சேமிப்பை நிரப்பிக்கொள்ளுங்கள். முதல் பரிசோதனைக்குப் போகும் அன்றே, போன முறை கால் குடைச்சல் இருந்தது என்பதை மருத்துவரிடமோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள்.