சோதனை ஆணிடமிருந்தும் தொடங்கட்டும்

ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டமானாலும் மலாக்கா நகரத்து அடுக்குமாடியானாலும், கல்யாணமாகி இரண்டு வருடத்தில் தொட்டில் ஆடாவிட்டால் கேள்வி பெரும்பாலும் மருமகளைத்தான் தேடிப் போகிறது. விரதம் இருப்பவள் அவள். ஸ்கேன், இரத்தச் சோதனை, கருக்குழாய் எக்ஸ்ரே என்று வலி தாங்குபவளும் அவளே. கணவர் வெளியே காத்திருப்பார். இந்த வரிசையே தவறு. குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதியரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் ஏதோ ஒரு காரணம் இருக்கிறது. ஆணுக்கான முதல் சோதனைக்கு ஊசியோ கத்தியோ வேண்டாம், ஒரு குப்பியில் விந்து கொடுத்தால் போதும். அதைக் கடைசிவரை தள்ளிப்போடுவது அந்தப் பெண்ணுக்கு இழைக்கும் அநீதி.

‘உடம்பு கட்டாக இருக்கிறது, தாம்பத்தியத்திலும் குறையில்லை, எதற்குச் சோதனை?’ என்று கேட்பார்கள். ஆண்மை வேறு, விந்தணு வேறு. விந்தில் ஓர் அணுகூட இல்லாத ஆணும் இயல்பாக உறவு கொள்ள முடியும். இன்னும் கவலை தருவது, உடம்பை முறுக்கேற்ற ஜிம்மில் போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி. வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் மூளை விரைகளுக்குக் கொடுக்கும் கட்டளையை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி அறவே நின்றும் போகலாம். டொங்காட் அலி காப்பிப் பொட்டலங்கள் சிலவற்றில் விறைப்பு மாத்திரையின் மருந்து கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அது விந்தணுவைக் கூட்டாது. இதய நோய்க்கு மருந்து சாப்பிடுபவருக்கு உயிராபத்து.

நம் சமூகத்துக்கு இதில் தனிக் காரணம் ஒன்று உண்டு: இனிப்பு நீர். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு. நாடு முழுவதும் அப்படிக் கண்டறியப்பட்டவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரியாது. கட்டுக்கடங்காத சர்க்கரை விந்தணுவின் மரபணுவைச் சிதைக்கும். நரம்பு கெட்டால் விந்து வெளியேறாமல் மூத்திரப்பைக்குள் திரும்பிவிடும். புகையும் உடற்பருமனும் சேர்ந்தால் சேதம் கூடும். தொழிலும் காரணமாகலாம். 1977இல் கலிபோர்னியாவில் டிபிசிபி என்ற பூச்சிக்கொல்லி தயாரித்த தொழிலாளர்கள், தங்களில் பலருக்குக் குழந்தை பிறக்காததைக் கவனித்துக் கேட்டபிறகுதான் உண்மை வெளிவந்தது. தோட்டத்தில் மருந்தடிப்பவர் கையுறையும் முகமூடியும் கேட்டு வாங்குவது இதற்காகவும்தான்.

உலகெங்கும் விந்தணு குறைகிறது, தனி மனிதன் என்ன செய்ய முடியும் என்பவர்களும் உண்டு. 1973 முதல் 2011 வரையிலான ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான கணக்கு, மேலை நாடுகளில் அடர்த்தி பாதிக்குமேல் சரிந்ததாகச் சொன்னது. அந்த ஆய்வுகளின் அளவீட்டு முறைகளைப் பற்றி நிபுணர்களிடையே இன்னும் விவாதம் நடக்கிறது. எப்படியானாலும் அது ஒருவரின் தலையெழுத்து ஆகாது. விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் பிடிக்கும். சிகரெட்டை இன்று விட்டால் பலன் மூன்று மாதத்தில்தான் தெரியும். போன மாதத்துக் காய்ச்சல் இன்றைய முடிவைக் கெடுக்கும். அதனால் முடிவு சரியில்லை என்றால் சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மில்லிலிட்டருக்கு 1.6 கோடி என்ற அளவும் பாஸ், பெயில் கோடு அல்ல. அதற்குக் கீழே இருந்தும் தந்தையானவர்கள் உண்டு. விதைப்பையில் இரத்தக் குழாய் புடைத்திருந்தால் அறுவைச் சிகிச்சை பலருக்கு உதவுகிறது. பாதை அடைத்திருந்தால் விரையிலிருந்தே அணுவை எடுத்து முட்டைக்குள் செலுத்தலாம். முட்டைக்குள் அணுவைச் செலுத்தும் முறையில் முதல் குழந்தை பிறந்தது 1992இல். மலேசியாவில் கருத்தரிப்புச் சிகிச்சைக்கு இபிஎஃப் சேமிப்பிலிருந்தும் பணம் எடுக்கலாம்.