கறவை வற்றும் காலமும் வைத்தியச் செலவும்

லிந்துலைத் தோட்ட லயங்களிலே பசு வளர்ப்போர் மனத்திற் கொள்ளவேண்டிய கணக்கொன்றுண்டு. பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாட்கள். அதன் கடைசி 60 நாட்களிற் கறவையை நிறுத்துதல் வேண்டும். பால் வருமானமும் அத்துடன் நின்றுவிடும். மிருக வைத்தியரின் உதவி அவசரமாகத் தேவைப்படுவதோ அதனையடுத்துக் கன்று ஈனும் வேளையிலேதான்.

ஈன்ற மூன்று நாட்களுக்குள் பால் காய்ச்சல் கண்ட பசு எழமாட்டாது படுத்துவிடும். பெயர் காய்ச்சலாயினும் காதுகள் குளிர்ந்திருக்கும். இரத்தத்திலே கல்சியம் குறைவதே காரணம். வாய்வழி மருந்தூற்றினால் அது நுரையீரலுட் புகக்கூடும்; வைத்தியர் நாளத்திற் செலுத்தும் கல்சியமே உயிர்காக்கும்.

ஆகவே, கறவை மாதங்களிலேயே பாற்பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கிவைத்தல் நன்று. பிரதேச அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்தின் தொலைபேசி எண்ணையும் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். பசு படுத்தபின் பணத்தையும் வைத்தியரையும் ஒருங்கே தேடுவோர் பசுவையே இழக்க நேரும்.