ராயல்டி எப்பண்ணா வரும்?

"ஒரு சின்னப் பதிப்பகத்துல புக் கேக்குறாங்க, குடுக்கலாமா?" என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு இப்போ அதிகமாகிவிட்டார்கள். தனித்தனியா சொல்றதுக்குப் பதிலா இங்கேயே சொல்லிடறேன்.

என்னோட முதல் சிறுகதைத் தொகுப்பு 2019 ஜனவரியில், சென்னைப் புத்தகக் காட்சிக்கு வந்தது. நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்துல என் பேர் போட்ட அட்டையைப் பார்த்தப்போ இருந்த சந்தோஷத்துல, ராயல்டியாவது ஒண்ணாவது! அதுக்கு முந்தின மாசமே ஒரு பக்க ஒப்பந்தம் ஒண்ணுல கையெழுத்து போட்டிருந்தேன். சரியா படிக்கக்கூட இல்ல.

முதல் வருஷம் கேட்டேன், "அண்ணா, எத்தனை காப்பி போச்சு?" "போயிட்டிருக்கு தம்பி." ரெண்டாவது வருஷமும் அதேதான். அப்புறம் போன் எடுக்கறது நின்னுடுச்சு. 2022-ல் ஒரு தோழி புத்தகம் வாங்கி போட்டோ அனுப்பினாள். உள்ளே "இரண்டாம் பதிப்பு"ன்னு இருக்கு. எழுதினவன் எனக்கே அது புது செய்தி!

இது எப்படி நடக்குதுன்னா, முன்னெல்லாம் ஆயிரம் பிரதி அடிச்சு குடோன்ல அடுக்கி வைப்பாங்க. மிச்சம் எவ்வளவுன்னு கண்ணால பாக்கலாம். இப்போ பிரிண்ட் ஆன் டிமாண்ட். ஐம்பது அடிப்பாங்க, தீர்ந்தா இன்னொரு ஐம்பது. பதிப்பாளருக்கு இது பெரிய வரம்தான், முதல் முடங்காது. ஆனா எண்ணிக்கை அவருக்கும் அச்சகத்துக்கும் மட்டும்தான் தெரியும்.

அவர் பக்கமும் சொல்லணும். 200 ரூபாய் புத்தகம்னு வைங்க. கடைக்கு 35 சதவீதம் கழிவு கொடுத்தா கையில 130. குறைந்த பிரதி அடிக்கிறதால அச்சுச் செலவு 80 ஆகுதுன்னா மிச்சம் 50. எழுத்தாளருக்கு 10 சதவீதம், அதாவது 20 ரூபாய். மீதி 30-ல தான் லேஅவுட், அட்டை, ஸ்டால் வாடகை எல்லாம். அந்த 130-ஐயும் கடைக்காரர் மாசக்கணக்கில் இழுத்தடிப்பார். அவர் என்னை ஏமாத்தணும்னு நினைச்சார்னு இன்னிக்கும் எனக்குத் தோணல. கணக்குன்னு ஒண்ணு அவர்கிட்ட இல்லவே இல்ல. வந்த காசு அடுத்த புத்தகத்துக்குப் போயிடுச்சு. ஆனா அது என்னோட இருபது ரூபாய் இல்லையா?

2024-ல் வேறொரு பதிப்பகம் அந்தத் தொகுப்பை மறுபடி போடக் கேட்டது. எனக்கு பகீர்னு ஆச்சு. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தா "அனைத்து உரிமைகளும் பதிப்பகத்துக்கே"ன்னு ஒரு வரி. புத்தகம் போச்சுன்னே முடிவு பண்ணிட்டேன். வக்கீல் நண்பன் ஒருத்தன் படிச்சுட்டுச் சிரிச்சான். "எத்தனை வருஷம்னு எங்கடா போட்டிருக்கு?" போடல.

நம்ம நாட்டு காப்பிரைட் சட்டம், 1957, பிரிவு 19. உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடலைன்னா அது ஐந்து வருஷம்னுதான் எடுத்துக்கணும். எந்த இடத்துக்குன்னு சொல்லலைன்னா இந்தியாவுக்குள்ள மட்டும். வாய்வார்த்தையா உரிமை மாறாது, எழுத்தும் கையெழுத்தும் வேணும். இன்னொண்ணு, வாங்கின உரிமையை ஒரு வருஷம் பயன்படுத்தாமலே வெச்சிருந்தா அது காலாவதி ஆயிடும், ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதியிருந்தா ஒழிய. என் கையெழுத்து 2018 டிசம்பர். ஐந்து வருஷம் 2023 டிசம்பரோட முடிஞ்சிருந்தது.

அதனால கையெழுத்துக்கு முன்னாடி வருஷத்தைக் கேளுங்க. ஒவ்வொரு தடவையும் எத்தனை பிரதி அடிச்சாங்கன்னு எழுத்துல சொல்லணும்னு ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க. "நமக்குள்ள என்ன தம்பி இதெல்லாம்"னு சொல்வாங்க. எனக்கும் அதைக் கேட்கக் கூச்சமாத்தான் இருந்துச்சு.

புதுப் பதிப்பு வந்த வாரம் பழைய அண்ணன் கூப்பிட்டார், இரண்டு வருஷத்துக்கு அப்புறம். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே குடுத்திருப்பேனே தம்பி"ன்னார். குரல்ல நிஜமாவே வருத்தம். ராயல்டி பத்தி கேட்டேன். புத்தகக் காட்சி முடியட்டும்னு சொல்லியிருக்கார்.