குழாய்த் தண்ணீருக்காகப் பிழைத்த காடு

மும்பையின் அணுசக்தி நகர்க்காரர்களுக்குப் போரிவலி கொஞ்சம் தூரம்தான். மான்குர்டில் ஏறி, குர்லாவில் ஒரு தடவை, தாதரில் ஒரு தடவை மாற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் உட்கார இடம் கிடைக்கலாம். போரிவலியில் இறங்கி கிழக்குப் பக்கம் ஆட்டோ பிடித்தால் ஐந்து, பத்து நிமிடத்தில் வாசல் வந்துவிடும். பெயர்ப்பலகையில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா என்று இருக்கும்; ஊர் வாயில் அது வெறும் ‘நேஷனல் பார்க்’.

ஒரு கோடிக்கு மேல் மக்கள் நெருக்கியடித்து வாழும் நகரத்துக்குள் சுமார் 104 சதுர கிலோமீட்டர் காடு. நடுவே விஹார், துளசி என்று இரண்டு நன்னீர் ஏரிகள். ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலானோர் ஏரியைக் கண்ணால் பார்க்காமலே வீடு திரும்புகிறார்கள். இரண்டும் குடிநீர் ஏரிகள் என்பதால், மாநகராட்சியின் அனுமதி இல்லாமல் கரைப்பக்கம் போக முடியாது.

தேசியப் பூங்கா காப்பாற்றும் இயற்கை நீர்நிலைகள் வேறு இடங்களில் உண்டு. இலங்கையின் வில்பத்துவில் மழைநீர் தேங்கும் பள்ளங்களை ‘வில்லு’ என்பார்கள். பூங்காவின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். மணிப்பூரின் லோக்டாக் ஏரியில் மிதக்கும் புல்மேடுகளின் மேலேயே கெய்புல் லம்ஜாவோ பூங்கா இருக்கிறது. அங்கெல்லாம் ஏரி தானாக அமைந்தது. மும்பையின் ஏரிகளோ மனிதர்கள் அணை போட்டுத் தேக்கியவை. இங்கே ஏரி வந்தது முதலில், பூங்கா வந்தது பிறகு.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பம்பாய் கிணற்றையும் குளத்தையும் நம்பியிருந்த ஊர். தோபி தலாவ் என்ற பெயரில் ‘தலாவ்’ என்றால் குளம். குளம் தூர்ந்து தெருவாகிவிட்டது, பெயர் மட்டும் நிற்கிறது. சென்னையில், ஏரியே இல்லாத மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருப்பதைப் போல. 1850களில் தண்ணீர்த் தட்டுப்பாடு முற்றியபோது, வடக்கே மலைக்காட்டில் மித்தி நதியின் தலைப்பகுதியை மறித்து அணை கட்டும் வேலை தொடங்கியது. 1860இல் விஹார் ஏரி தயாரானது. நகரத்துக்கு முதல் குழாய்த் தண்ணீர் அங்கிருந்துதான் வந்தது. அதுவும் போதாமல் 1879இல் துளசி ஏரி சேர்ந்தது.

குடிக்கிற தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டுமென்றால், மழை விழும் மலைச்சரிவும் சுத்தமாக இருக்க வேண்டும். எனவே நீர்ப்பிடிப்பு நிலத்தில் வீடு கட்டவும் உழவும் விடவில்லை. தண்ணீருக்காகப் போட்ட அந்த வேலி மரங்களுக்கும் காவலாயிற்று. சுற்றிலும் முலுண்ட், பாண்டுப், கோரேகாவ் என்று கட்டடங்கள் எழுந்தபோதும் நடுவே பச்சை மிஞ்சியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மிஞ்சிய காட்டில் யார் குடியிருக்கிறார்கள்? 2015இல் தானியங்கிக் கேமரா வைத்து எண்ணியபோது, பூங்காவிலும் அதைச் சுற்றிலுமாக 35 சிறுத்தைகள் பதிவாயின, 2018இல் 47. ஏரிகளில் முதலைகள் இருக்கின்றன. காட்டுக்குள்ளேயே வார்லி பழங்குடியினரின் ‘பாடா’ என்னும் குடியிருப்புகள் இருக்கின்றன. புலி, சிறுத்தை உருவிலான வாக்கோபா அவர்கள் வணங்கும் தெய்வம்.

ஏரியைப் பார்க்க முடியவில்லையே என்று வருந்துகிறவர்கள் கன்னேரி குகைகளுக்குப் போகலாம். வாசலிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு மேல், பஸ் உண்டு. கிருஷ்ணகிரி, அதாவது கருமலை, என்பதே கன்னேரி என்று மருவியது. கி.மு. முதல் நூற்றாண்டிலிருந்து பௌத்த பிக்குகள் குடைந்த நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள் இங்கே உள்ளன.

சிலைகளைப் பார்த்து முடித்ததும் கொஞ்சம் குனிந்து தரையையும் பார்க்க வேண்டும். பாறையில் விரற்கடை அகலத்துக்கு வாய்க்கால் வெட்டியிருக்கிறது. அதன் போக்கிலேயே கண்ணை ஓட்டினால் குகை வாசலுக்குப் பக்கத்தில் சதுரமாக ஒரு திறப்பு தெரியும். உள்ளே இருட்டு, அடியில் தண்ணீர். நம்மூர் மலைக்கோயில்களில் இருக்கும் சுனை மாதிரி. ஆனால் இது உளியால் வெட்டியது. இங்குள்ள கல்வெட்டுகள் இதைப் ‘போடி’ என்கின்றன. நீர்த்தொட்டி வெட்டிக் கொடுத்தவர்களின் தானத்தைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழையைப் பிடித்துவைத்து வருடம் முழுக்கக் குடித்தார்கள். விஹார் அணை செய்த வேலையும் இதுதான், அளவுதான் பெரிது.

இன்று மும்பைக்கு ஏழு ஏரிகள் தண்ணீர் தருகின்றன. ஏழின் மொத்தக் கொள்ளளவில் விஹாரும் துளசியும் சேர்ந்து சுமார் இரண்டரை சதவீதம்தான். மீதி அத்தனையும் தொலைவிலுள்ள பாட்சா, வைதர்ணா, தான்சா பகுதிகளிலிருந்து பெருங்குழாய்களில் வருகிறது. ஆனாலும் ஜூலையில் ‘துளசி நிரம்பிவிட்டது’ என்று செய்தி வந்தால் ஊருக்கே ஒரு நிம்மதி.

நிரம்பினால் கலங்குகிறவர்களும் உண்டு. விஹாரும் அருகிலுள்ள பவாய் ஏரியும் வழிந்தால் தண்ணீர் மித்தியில்தான் இறங்கும். சுமார் 18 கிலோமீட்டர் ஓடி, குர்லா, தாராவி வழியாக மாஹிமில் கடலைச் சேரும். 2005 ஜூலை 26இல் தொடங்கிய மழை சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டரைத் தொட்டபோது, அந்த மித்தி கரையோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது.

பூங்காவுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மழைக்காலம் முடிந்த கையோடு போனால் ஓடைகளில் நீர் இருக்கும். திரும்பும் ரயிலில் இடது பக்க ஜன்னல் கிடைத்தால் நல்லது. பாந்த்ராவைத் தாண்டி மாஹிம் வருமுன் தண்டவாளத்துக்கு அடியில் கறுப்பாக ஒரு நதி போகும். ஓரத்தில் அலையாத்தி மரங்கள், அப்பால் தாராவி. நாற்றத்துக்குப் பயந்து ஜன்னலைச் சாத்துவார்கள். சிறுத்தை நீர் குடிக்கும் ஏரி வழிந்து இறங்குவதும் இந்த நதியில்தான்.