ரேஸில் வேகம்தானே ஜெயிக்கும்? மெதுவா பறந்து ஜெர்மனியை வீழ்த்திய போலந்தின் குட்டி விமானம்!

விமானப் போட்டின்னு சொன்னதும் என்ன தோணும்? யார் வேகமா பறக்கிறாங்களோ, அவங்களுக்குத்தான் கோப்பை. ஆனால், 1932 ஆகஸ்ட் 28 அன்று பெர்லினில் முடிந்த 'சேலஞ்ச்' சர்வதேச சுற்றுலா விமானப் போட்டியில் நடந்தது வேறு. ஜெர்மனியின் அதிவேக ஹைங்கெல் விமானங்களை முந்தி, போலந்தின் 'ஆர்.டபிள்யூ.டி-6' கோப்பையைத் தட்டிச் சென்றது. அதற்கு முன் 1929, 1930 என இரண்டு முறையும் ஜெயித்தவர் ஜெர்மனி விமானி ஃபிரிட்ஸ் மோர்ஸிக். இந்த முறை அவருக்கு இரண்டாம் இடம்தான்.

எப்படி சாத்தியமாச்சு?

இது வெறும் ரேஸ் இல்லை. 'சாதாரண மக்கள் ஊர் சுற்ற எந்த விமானம் சரிப்படும்?' என்பதுதான் போட்டியின் கேள்வி. அதனால், ஐரோப்பாவைச் சுற்றி 7,000 கி.மீ.க்கு மேல் பறந்தால் மட்டும் போதாது. குறைந்த தூரத்தில் கிளம்பணும், இறங்கணும், இறக்கையை மடக்கிக் காட்டணும், எரிபொருளை மிச்சம் பிடிக்கணும். எல்லாத்துக்கும் புள்ளிகள் உண்டு.

அதில் ஒரு சோதனை, முடிந்தவரை மெதுவாகப் பறப்பது. பொங்கல் விளையாட்டு விழாவில் 'ஸ்லோ சைக்கிள் ரேஸ்' பார்த்திருப்பீங்க. மெதுவா ஓட்டுறதுதான் கஷ்டம், கொஞ்சம் தடுமாறினால் கால் தரையில். விமானத்துக்கும் அதே கதைதான், ஆனால் விழுந்தால் தூசி தட்டிவிட்டு எழ முடியாது.

வேகம் குறையக் குறைய, விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டுதான் உயரத்தைத் தக்கவைக்க முடியும். ஓர் அளவுக்கு மேல் தூக்கினால், இறக்கையின் மேல்புறத்தை ஒட்டி ஓடும் காற்று பிய்த்துக்கொண்டு விலகிவிடும். தூக்கிப் பிடிக்கும் விசை போச்சு, விமானம் சரியும். விபத்துகளில் அடிக்கடி கேள்விப்படும் 'ஸ்டால்' என்பது இதுதான்.

ஆர்.டபிள்யூ.டி-6 இறக்கையின் முன் விளிம்பில் 'ஸ்லாட்' எனும் மெல்லிய பட்டைகள் இருந்தன. பட்டைக்கும் இறக்கைக்கும் நடுவே உள்ள இடுக்கு வழியாகக் காற்று சீறிப் பாய்ந்து, விலகப் பார்க்கும் காற்றோட்டத்தை மறுபடி இறக்கையோடு ஒட்ட வைக்கும். பலன்? மணிக்கு 60 கி.மீ.க்கும் குறைவான வேகத்தில் மிதந்து, அந்தச் சோதனையில் முதலிடம்! பைபாஸில் பைக்கில் போகிற நாமே முந்திடலாம். இன்றைய பெரிய பயணிகள் விமானங்கள் தரையிறங்கும்போது ஜன்னல் வழியா பாருங்க, இறக்கையின் முன்பக்கம் நகர்ந்து வருவதும் இதே ஸ்லாட்தான்.

உருவாக்கியவர்கள் யார்?

பெரிய கம்பெனி எதுவும் இல்லை. வார்சா பாலிடெக்னிக்கில் படித்த ரோகால்ஸ்கி, விகுரா, ஜெவியெட்ஸ்கி ஆகிய மூன்று நண்பர்களின் முதல் எழுத்துகள்தான் 'ஆர்.டபிள்யூ.டி'. மேல்பக்கம் ஒற்றை இறக்கை, அருகருகே இரண்டு சீட், மூடிய கேபின். மொத்தம் செய்ததே 3 விமானங்கள். போட்டியில் ஓட்டியவர் ராணுவ விமானி ஃபிரான்சிஷெக் ஜ்விர்கோ. பக்கத்து சீட்டில், அதை வடிவமைத்த மூவரில் ஒருவரான விகுராவே உட்கார்ந்திருந்தார்! தான் போட்ட கணக்கை நம்பி தானே ஏறிய மனுஷன்.

14 நாளில் நடந்த சோகம்

போலந்தே இருவரையும் கொண்டாடிக்கொண்டிருந்தது. செப்டம்பர் 11 அன்று, பிராக் நகரில் நடக்கவிருந்த விமான விழாவுக்கு அதே விமானத்தில் கிளம்பினார்கள். வழியில், அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் சியெர்லிட்ஸ்கோ அருகே புயலில் சிக்கி, இறக்கை பிய்ந்து, விமானம் காட்டுக்குள் விழுந்தது. இருவருமே உயிர் பிழைக்கவில்லை. போட்டியைத் தாண்டிய இறக்கை, அந்தக் காற்றைத்தான் தாங்கவில்லை.

1934-ல் வார்சாவில் முடிந்த அடுத்த போட்டியிலும் போலந்துதான் சாம்பியன். ஜெயித்தது அதே குழுவின் ஆர்.டபிள்யூ.டி-9.

ஆகஸ்ட் 28 இன்றைக்கும் போலந்தில் விமானப்படை தினம். வார்சா சோபின் விமான நிலையத்தில் இறங்கி ஊருக்குள் போகிறவர்கள் கடக்கும் பிரதான சாலையின் பெயர், 'ஜ்விர்கோ - விகுரா சாலை'.