நிலா இருக்கா, இல்லையா? 8,000 ஒளியாண்டு தூரத்தில் ஒரு துப்பறியும் கதை!

'அவதார்' படத்தில் நீல நிற மனிதர்கள் வாழும் பண்டோரா நினைவிருக்கிறதா? பலரும் அதைக் கிரகம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கதைப்படி அது ஒரு ராட்சத வாயுக் கிரகத்தைச் சுற்றிவரும் நிலா!

அந்தப் படம் வெளியான அதே 2009-ல்தான் கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கியை நாசா ஏவியது. வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கிரகங்களைத் தேடுவது அதன் வேலை. இன்று அப்படிப்பட்ட கிரகங்களின் எண்ணிக்கை 6,000-ஐத் தாண்டிவிட்டது. சரி, அவற்றைச் சுற்றும் நிலாக்கள் எத்தனை? உறுதியானது ஒன்றுகூட இல்லை.

நம் சனிக் கிரகத்துக்கு மட்டுமே 274 நிலாக்கள். அத்தனை தூரத்தில் இருக்கும் 6,000 கிரகங்களில் ஒன்றுக்குக்கூடவா நிலா இருக்காது? நிச்சயம் இருக்கும் என்றே விஞ்ஞானிகள் நம்புகிறார்கள். கண்ணில் சிக்கவைப்பதுதான் பெரும்பாடு.

நிலாவை ஏன் தேட வேண்டும்?

உயிர்கள் வாழும் இடம் என்றதும் சூரியனிலிருந்து அளவான தூரம், அளவான வெப்பம் என்றுதான் யோசிப்போம். நிலாக்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வியாழனின் நிலாவான யூரோப்பாவின் மேற்பரப்பு உறைபனி. ஆனால், அந்தப் பனிக்கு அடியில் பூமியின் கடல்களைவிட அதிகமான தண்ணீர் இருப்பதாகக் கணிக்கிறார்கள். ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கி விட்டால் சூடாகிறது அல்லவா? அதேபோல வியாழனின் ஈர்ப்புவிசை யூரோப்பாவைப் பிசைந்துகொண்டே இருப்பதால் உள்ளே வெப்பம் பிறக்கிறது. சனியின் குட்டி நிலா என்சலடஸிலிருந்து நீர் பீய்ச்சியடிப்பதை 2005-ல் காசினி விண்கலம் கண்டுபிடித்தது.

இன்னொரு காரணமும் உண்டு. நட்சத்திரத்திலிருந்து இதமான தூரத்தில் வாயுக் கிரகங்கள் சில சுற்றுகின்றன. அவற்றில் கால் வைக்கத் தரையே கிடையாது. அவற்றின் நிலாவில் தரை இருக்கலாம், தண்ணீரும் இருக்கலாம்.

தட்டாமாலைத் தடயம்

இவ்வளவு தூரத்தில் இருக்கும் நிலாவை நேரடியாகப் படம் எடுக்க முடியாது. கிரகம் தன் நட்சத்திரத்தின் குறுக்கே கடக்கும்போது வெளிச்சம் துளியளவு குறையும். கூடவே நிலாவும் போனால் இன்னொரு சின்ன மங்கல் தெரியும். இது முதல் தடயம்.

இரண்டாவது இன்னும் சுவாரஸ்யமானது. அப்பா குழந்தையின் கைகளைப் பிடித்துத் தட்டாமாலை சுற்றும்போது, அப்பாவும் கொஞ்சம் தள்ளாடுவார். நிலா சுற்றும் கிரகமும் அப்படித்தான். அதனால், ஒவ்வொரு முறையும் சரியான நேரத்துக்கு வராமல், சற்று முன்பாகவோ தாமதமாகவோ நட்சத்திரத்தைக் கடக்கும்.

சுமார் 8,000 ஒளியாண்டு தொலைவில் உள்ள கெப்ளர்-1625பி கிரகத்தில் ஏதோ இருப்பதுபோலத் தெரிய, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் டீச்சியும் டேவிட் கிப்பிங்கும் ஹப்பிள் தொலைநோக்கியைக் கேட்டு வாங்கினார்கள். 2017 அக்டோபரில் 40 மணி நேரம் கிடைத்தது. கணித்ததைவிட சுமார் 78 நிமிடம் முன்னதாகவே கிரகம் கடக்கத் தொடங்கியது. அது கடந்துபோன மூன்றரை மணி நேரத்தில் மீண்டும் ஒரு சின்ன மங்கல்! அது முழுதாக முடிவதற்குள் ஹப்பிளின் நேரம் முடிந்துவிட்டது. வில்லனின் முகத்தைக் காட்டப்போகும் நொடியில் 'தொடரும்' போட்ட சீரியல் கதைதான்.

2018-ல் முடிவை வெளியிட்டபோது, 'கண்டுபிடித்துவிட்டோம்' என்று அவர்கள் அடித்துச் சொல்லவில்லை. நெப்டியூன் அளவுள்ள நிலா இருக்கலாம், மீண்டும் பார்க்க வேண்டும் என்றார்கள். அந்த நிதானத்துக்காகவே பாராட்டலாம். மறு ஆண்டே லாரா கிரெய்ட்பெர்க் குழுவினர் அதே ஹப்பிள் தரவுகளை வேறு முறையில் அலசினார்கள். கிரகம் முன்னதாக வந்தது உண்மை. இரண்டாவது மங்கலைத்தான் காணோம்! கிரகத்தின் நேரம் தவறுவதற்கு, அங்கே இன்னொரு கிரகம் இருந்தாலும் போதும்.

கிப்பிங் விடவில்லை. 70 ராட்சதக் கிரகங்களைச் சலித்து, 2022-ல் கெப்ளர்-1708பி-யிடம் இரண்டாவது நிலா இருக்கக்கூடும் என்றார். 2023 டிசம்பரில் ஜெர்மனியின் ரெனே ஹெல்லரும் மைக்கேல் ஹிப்கேவும் 'இரண்டு இடத்திலுமே பெரிய நிலா இருக்க வாய்ப்பு குறைவு' என்று அறிவித்தார்கள். அதற்கு அவர்கள் பயன்படுத்திய மென்பொருளின் பெயர் என்ன தெரியுமா? பண்டோரா!

கிப்பிங் தரப்பு அதற்கும் பதில் எழுதியது. சண்டை இன்னும் ஓயவில்லை. ஒன்றை மறந்துவிடக் கூடாது... இந்த இரண்டு நிலாக்களும் உண்மையாகவே இருந்தாலும், அவை பூமியைவிட மிகப் பெரியவை. நீல மனிதர்கள் ஓடித் திரியும் காடு அங்கே இருக்க வாய்ப்பில்லை. நம் நிலா அளவிலான ஒன்றைப் பிடிக்க இன்னும் கூர்மையான கண் வேண்டும்.

அந்தக் கண் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியாக இருக்கலாம். வியாழன் அளவிலான கெப்ளர்-167இ கிரகத்தை 2024 அக்டோபரில் கிப்பிங் குழுவுக்காக அது சுமார் 60 மணி நேரம் பார்த்தது. அதன் பிறகும் 'இதோ நிலா' என்ற உறுதியான செய்தி வரவில்லை. அந்தக் கிரகம் தன் நட்சத்திரத்தைக் கடப்பது ஏறக்குறைய மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறைதான். அடுத்த வாய்ப்பு 2027-ல்.