பானையை உடைத்தது யார்?

போன வாரம் ஊழைப் பற்றிப் பேசி, மற்கலி கோசாலரின் பெயரோடு நிறுத்தியிருந்தேன். ஆசீவகர்களின் தலைவர், புத்தர், மகாவீரர் காலத்தவர். உருட்டிவிட்ட நூலுண்டை நூல் தீரும்வரை ஓடித்தான் நிற்கும். உயிரும் அப்படித்தான், முயற்சியால் கூட்டவோ குறைக்கவோ எதுவுமில்லை என்பது அவர் கொள்கை. அதற்கு நியதி என்று பெயர். ஆசீவகர் எழுதிய நூல் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. பௌத்தரும் சமணரும் மறுப்பதற்காக எடுத்துச் சொன்னதுதான் மிச்சம். தமிழிலும் இதே கதைதான்: மணிமேகலையில் கொஞ்சம், நீலகேசியில் ஒரு சருக்கம். எதிர்த்தரப்பு வக்கீலின் வாயால் ஒருவரின் வழக்கைக் கேட்கிற மாதிரி.

அப்படி ஓர் எதிர்த்தரப்பு ஏடுதான் 'உவாசகதசாவோ' என்ற சமண ஆகமம். அதன் 7ஆம் அத்தியாயத்தில் சத்தாலபுத்தர் என்றொரு குயவர் வருகிறார். போலாசபுரத்துக்காரர். ஊருக்கு வெளியே 500 பானைக் கடைகள். ஆசீவகத்தில் ஊறியவர்.

ஒருநாள், நிழலில் காற்றாடக் காய்ந்த பச்சைப் பானைகளை வெளியே கொண்டுவந்து வெயிலில் வைத்துக்கொண்டிருக்கிறார். இவையெல்லாம் எப்படி உண்டாயின என்று மகாவீரர் விசாரிக்கிறார். மண்ணை நீர்விட்டுப் பிசைந்து, சாம்பலும் சாணமும் சேர்த்து, சக்கரத்தில் ஏற்றி வனைந்தது என்கிறார் குயவர். அப்படியானால் முயற்சியால் ஆனவைதானே? இல்லை, முயற்சி என்று ஒன்றே கிடையாது, எல்லாம் நியதி என்கிறார். நகக்கண்ணில் களிமண் காய்ந்திருக்கும்போதே இப்படிச் சொல்ல அசாத்திய நெஞ்சுரம் வேண்டும்.

மகாவீரர் வேறு பக்கமாக வருகிறார். எவனாவது இந்தப் பானைகளைத் திருடினால், உடைத்தால், உன் மனைவியிடம் தவறாக நடந்தால் என்ன செய்வாய்? திட்டுவேன், அடிப்பேன், கட்டிப்போடுவேன், கொன்றாலும் கொல்வேன். யாரும் எதையும் செய்வதில்லை என்கிறாயே, பிறகு அவனை எதற்கு அடிக்கிறாய்? குயவர் கட்சி மாறிவிடுகிறார்.

இங்கிலாந்தின் தத்துவவியலாளர் பி. எஃப். ஸ்ட்ராசன் 1962இல் ஒரு கட்டுரையில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். ஒருவன் தெரியாமல் என் கையை மிதித்தாலும் வேண்டுமென்றே மிதித்தாலும் வலி ஒன்றுதான், மனக்கசப்பு ஒன்றல்ல. உலகம் முழுக்கக் காரண காரியச் சங்கிலி என்று நாளைக்கே நிரூபித்தாலும் அந்தக் கசப்பை நாம் விட்டுவிட மாட்டோம் என்றார்.

சரி, ஆனால் குயவர் தோற்றுவிட்டதாக எனக்குப் படவில்லை. அவன் உடைத்ததும் நியதி, நான் அடிப்பதும் நியதி என்று அவர் சொல்லியிருக்கலாம். பிறரைப் பொறுப்பாளியாக்காமல் நம்மால் வாழ முடியாது என்பது வேறு. அவர்கள் உண்மையிலேயே பொறுப்பாளிகளா என்பது வேறு. சமண ஏடு குயவரை அந்தப் பதிலைச் சொல்லவிடவில்லை, அவ்வளவுதான்.

கதை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. சீடர் கைவிட்டுப் போன செய்தி கோசாலருக்கு எட்டுகிறது. எப்படியாவது திருப்பிக் கொண்டுவந்துவிடுவது என்று போலாசபுரம் கிளம்பி வருகிறார். மகாவீரரைப் புகழ்ந்து பேசுகிறார். அந்தப் புகழுக்காகக் குயவரும் தங்க இடம் கொடுக்கிறார். கோசாலர் விதவிதமாகப் பேசிப் பார்க்கிறார். குயவர் அசையவில்லை. முயற்சி என்று ஒன்றே கிடையாது என்று போதித்தவர், முயன்று அலுத்து ஊரைவிட்டுப் போகிறார்.

(தொடரும்)